குறைந்த காசில் நல்ல துணி: பாடாங் செராயிலிருந்து காதர்பேட்டை வரை

போன வாரம் வேலையிடத்தில் ஒரு தங்கச்சி என் சட்டைக் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எங்க வாங்கினீங்க, நூறு வெள்ளி இருக்குமா?" என்று கேட்டாள். ஆறு வெள்ளி (மலேசிய ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), நம்ம ஊரில் பழைய துணி விற்கும் பண்டல் கடையில்தான் என்றேன். அவள் நம்பவே இல்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க நான் எங்கெங்கே துணி வாங்குகிறேன், எப்படிப் பார்த்து எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் கைபேசியில் குறித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் தோன்றியது, இதை எழுதியே வைத்துவிடலாம், இன்னும் நாலு பேருக்கு உதவும்.

நான் பிறந்தது மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில். இப்போது அங்கே ரப்பர் கொஞ்சம்தான், செம்பனைதான் (எண்ணெய்ப் பனை) அதிகம், ஒரு பக்கம் வீடமைப்புப் பகுதியும் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் துணி எங்களைத் தேடி வரும். சம்பளம் போட்ட மறுநாள் துணிக்கார பாய் சைக்கிளின் பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு லயத்துக்குள் வருவார். வேறு சில தோட்டங்களுக்குச் சீக்கியர்கள் வருவார்கள், அவர்களைத் தோட்டத்தில் பெங்காளி என்றுதான் சொல்வார்கள். எல்லாம் கடனுக்குத்தான், மாதம் ஐந்தோ பத்தோ, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போவார்.

அம்மா முதலில் விலை கேட்கவே மாட்டார். துணியை எடுத்து உள்பக்கம் திருப்புவார். தையல் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார், இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு மூலையை விரலுக்கு நடுவில் வைத்துக் கசக்குவார். சாயத்துக்கும் பளபளப்புக்கும் கஞ்சியை ஏற்றி மொடமொடவென்று வைத்திருக்கும் துணி என்றால் கசக்கியதும் தொய்ந்துவிடும், விரலில் வெள்ளையாகத் தூசி ஒட்டும். "கஞ்சிக்குமா காசு குடுக்கணும் பாய்?" என்று கேட்டு மூட்டையிலேயே திரும்ப வைத்துவிடுவார். பாயும் சிரித்துக்கொண்டே அடியிலிருந்து வேறொன்றை உருவுவார். அம்மா பால்மரம் வெட்டினவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. வேலைக்குப் போட்டுப்போகும் சட்டையில் பால் பட்டு உறைந்து, கறுத்து, அட்டை மாதிரி விறைத்திருக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது, ஒட்டுப்பால் வாடையும் போகாது. அதனால் வருடத்துக்கு ஒரு முறை வாங்குகிற நல்ல துணி அவருக்குப் பெரிய விஷயம். ஏமாறக் கூடாது. நான் இன்றைக்கும் எந்த நாட்டில் எந்தக் கடையில் நின்றாலும் முதலில் செய்வது அதுதான்: உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது. திருப்பிப் பார்க்க விடாத கடையில் நான் வாங்குவதில்லை.

சரி, பண்டல் கடை. மலேசியாவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் ஒருவர் உடுத்திய துணி மூட்டை மூட்டையாகக் கட்டி இங்கே வந்து இறங்கும், அந்தக் கட்டுக்குத்தான் பண்டல் என்று பெயர், அதுவே கடைக்கும் பெயராகிவிட்டது. இப்போது அதில் பெரிய கடைகளும் வந்துவிட்டன. ஜப்பானின் புக் ஆஃப் நிறுவனம் 2016-ல் இங்கே ஜாலான் ஜாலான் ஜப்பான் என்ற கடையைத் தொடங்கியது, குளுகுளு வசதியோடு, துணிகளை அளவுவாரியாக மாட்டி வைத்து. ஆனால் எனக்குச் சின்ன ஊர்ப் பண்டல் கடைதான் பிடிக்கும். மின்விசிறி சுற்றும், துணி மலைபோலக் கிடக்கும், புதுக் கட்டு எந்தக் கிழமை பிரிப்பார்கள் என்று கடைக்காரரைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்குக் காலையில் போனால் நல்லதெல்லாம் மேலேயே இருக்கும்.

அந்த ஆறு வெள்ளிச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டம் போட்ட நீலச் சட்டை, முழுக்கை. சட்டைப்பையில் இருக்கும் கட்டமும் அதற்குப் பின்னால் உடம்புத் துணியில் இருக்கும் கட்டமும் கோடு பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. பை தைத்திருக்கிறார்களா வரைந்திருக்கிறார்களா என்று கிட்டே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பொருத்தி வெட்டினால் துணி வீணாகும், அவசரமாக மலிவுக்குத் தைக்கிறவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். உள்பக்கம் திருப்பினேன். பக்கவாட்டுத் தையல் முழுக்க மடக்குத் தையல், ஒரு பிசிறு வெளியே தெரியவில்லை. என் கட்டைவிரல் நக அகலத்துக்குள் தையல் நெருக்கமாக விழுந்திருந்தது, எண்ணினால் எட்டு ஒன்பது வரும். கீழ் ஓரத்தில் லேபிளுக்குப் பக்கத்தில் உபரி பொத்தான் ஒன்று. லேபிள் முழுக்க ஜப்பானிய எழுத்து. எனக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் பருத்திக்கு அவர்கள் எழுதும் எழுத்தை, ‘மென்’ என்று வாசிக்கிற எழுத்து அது, படமெடுத்துக் கைபேசியில் வைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் 100% என்று இருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். இன்னொன்று, ஜப்பானிய அளவு நம் உடம்புக்குச் சின்னது. அவர்களுடைய எல் நமக்கு எம் மாதிரிதான் இருக்கும், லேபிளில் உள்ள எழுத்தை நம்பாமல் தோளில் வைத்துப் பாருங்கள்.

பண்டல் துணியை அப்படியே போடாதீர்கள். முதலில் வெந்நீரில் சவர்க்காரத் தூள் போட்டு ஒரு மணி நேரம் ஊற விடுவேன், துவைத்து அலசும் கடைசித் தண்ணீரில் ஒரு குவளை வினிகர், அப்புறம் நல்ல வெயிலில் உள்பக்கம் வெளியே தெரிய ஒரு நாள் முழுக்க. அந்தக் கிடங்கு வாடை சுத்தமாகப் போய்விடும்.

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு வீட்டில் போட அரைக்கால்சட்டை, உள்ளாடை, கைலி. மழை வரும்போல இருக்கிற இரவில் கடையைக் கட்டும் நேரம் பார்த்துப் போனால் லெலாங் விலைதான், அதாவது மலிவாகத் தள்ளிவிடும் விலை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பினாங்கு. பட்டர்வொர்த்தில் காரை விட்டுவிட்டு ஃபெரியில் ஏறிவிடுவோம், தீவுக்குள் காரை நிறுத்த இடம் தேடி அலைவதை விட அது நிம்மதி. லோரோங் கூலிட் சந்தை, நகர அரங்கத்துக்குப் பக்கத்தில், காலையில்தான், மதியம் வெயில் ஏறினால் மடித்துவிடுவார்கள். பழைய தட்டுமுட்டு, கடிகாரம், நாணயம், கூடவே தார்ப்பாய் விரித்துத் துணி. அங்கே விற்கிறவர்களில் பாதிப்பேர் வயதான சீன அங்கிள்கள், மலாய் பாக்சிக்குகள் (மாமாக்கள்). "குராங் சிக்கிட் லா பாக்சிக்", கொஞ்சம் குறையுங்கள் மாமா, என்று மரியாதையாகக் கேட்டால் குறைக்கத்தான் செய்வார்கள். மூன்று உருப்படி ஒன்றாக எடுத்து வைத்துவிட்டு மொத்தத்துக்கு விலை கேட்பது என் வழக்கம். என் மகளின் பள்ளிக்கூட விழாவுக்கு அங்கே எடுத்த வெள்ளைக் கம்பளிச் சட்டைக்கு 4 வெள்ளிதான் கொடுத்தேன்.

அங்கிருந்து லிட்டில் இந்தியா. லெபோ குயினில் (லெபோ என்றால் தெரு) 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, கும்பிட்டுவிட்டு லெபோ பாசார், லெபோ பினாங் என்று நடந்தால் பஞ்சாபி சூட், சேலை, ஜிப்பா, பூ, வளையல் எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் மட்டும் போகாதீர்கள், விலையும் ஏறும், மூச்சும் முட்டும். தீபாவளி முடிந்த அடுத்த வாரம் போங்கள். அதே சேலை, தொங்கிக்கொண்டிருந்த அதே ஆணியில், பாதி விலைக்கு.

சேலை என்றதும் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும், இன்னும் எனக்கு ஆறவில்லை. தம்பி கல்யாணத்துக்கு ஒரு கடையில், எந்த ஊர் எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, அசல் பட்டு என்று 380 வெள்ளிக்கு ஒரு மாம்பழ நிறச் சேலை எடுத்தேன். அன்றைக்கு அவசரம், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார்கள், பிரிக்க விடவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாண மண்டபத்தில் உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. வீட்டுக்கு வந்து முந்தானை ஓரத்தில் நூல் ஒன்றைப் பிரித்து அம்மா சாமி விளக்கில் காட்டினார். பட்டாக இருந்தால் முடி கருகும் வாடை வரும், நூல் சாம்பலாகி விரலில் பொடிந்துவிடும். பருத்தி காகிதம் எரிகிற வாடை. இதுவோ சுருண்டு உருகி நுனியில் கறுப்பாக ஒரு மணி மாதிரி கட்டிக்கொண்டது. முழுக்கப் பாலியஸ்டர். விலை போனதை விட அம்மா முன்னால் திருப்பிப் பார்க்காமல் வாங்கியதுதான் எனக்கு அழுகையாக வந்தது. அதிலிருந்து பட்டு என்றால் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்குகிறேன். இந்தியாவின் மத்தியப் பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்தது அது, சேலையோடு ஒரு சின்ன அட்டையாகத் தொங்கும்.

எல்லை தாண்டுவோம். கெடாக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி இது, தெற்கே இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் பொறாமைப்படுவார்கள். பட்டர்வொர்த்தில் கம்யூட்டர் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் தாய்லாந்து எல்லையில் இருக்கும் பாடாங் பெசார். அந்த நிலையத்துக்குள்ளேயே மலேசிய, தாய்லாந்து குடிநுழைவு இரண்டும் இருக்கிறது, கடப்பிதழில் (பாஸ்போர்ட்) முத்திரை வாங்கிக்கொண்டு அங்கேயே தாய்லாந்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஹாட்யாய் நகரம். ரயில் நேரம் பார்க்கும்போது தாய்லாந்து கடிகாரம் நம்மை விட ஒரு மணி நேரம் பின்னால் என்பதை மறக்கக் கூடாது, திரும்பும்போது ரயிலைத் தவறவிட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். கடப்பிதழ் இல்லாத பெரியவர்களைக் கூட்டிப் போனால் பாடாங் பெசாரில் நம் பக்கத்துச் சந்தையோடு நின்றுவிடலாம். தாய்லாந்துச் சட்டை, பருத்திப் பாவாடை, செருப்பு எல்லாம் அங்கேயே கிடைக்கும், மலாயிலேயே பேரம் பேசலாம்.

ஹாட்யாயில் கிம் யோங் சந்தைக்கு எல்லாரும் முந்திரிக்கும் பலகாரத்துக்கும் போவார்கள், எனக்கு அதற்குப் பக்கத்தில் சந்திசுக் சந்தையில்தான் வேலை. சாயங்காலம் கிரீன்வே இரவுச் சந்தை, பழைய துணி, புதுத் துணி, காலணி, சாப்பாடு எல்லாம் ஒரே வளாகத்தில். ‘தாவ் ராய்’ என்றால் எவ்வளவு, ‘லொட் நோய் தாய் மாய்’ என்றால் கொஞ்சம் குறைப்பீர்களா. இந்த இரண்டு வாக்கியத்தை என் அண்ணி சிரித்த முகத்தோடு சொன்னால் எந்தக் கடைக்காரப் பெண்ணும் கால்குலேட்டரை எடுத்து எண்ணை அடித்து நீட்டிவிடுவாள். நல்ல தையல் இருக்கிறது, மோசமான தையலும் இருக்கிறது, ஃப்ரீ சைஸ் என்று எழுதியிருப்பதில் இடுப்பு ரப்பர் எப்படி இருக்கிறது என்று மூன்று முறை இழுத்துவிட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் தாய்லாந்தில் எடுக்க வேண்டியது தளர்வான பருத்திக் கால்சட்டை, நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அதைப்போல ஒன்று கிடையாது.

பாங்காக்குக்கு இரண்டு முறைதான் போயிருக்கிறேன். பிராத்துநாம் பகுதியில் பிளாட்டினம் என்ற பேரங்காடி, ஒரே கடையில் மூன்று உருப்படி எடுத்தால் பல இடங்களில் மொத்த விலை. சத்துசாக் வாரக்கடைசிச் சந்தையில் 15,000-க்கும் மேல் கடைகள் என்கிறார்கள், பிடித்த கடையைப் பார்த்தால் அப்போதே வாங்கிவிடுங்கள், திரும்பி வந்து தேடினால் கிடைக்காது.

இனி தமிழ்நாடு. முன்பெல்லாம் கோலாலம்பூர் போய்த்தான் விமானம் ஏற வேண்டும், 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி இண்டிகோ விமானம் தொடங்கியதும் எங்களுக்கெல்லாம் வீட்டு வாசலில் வந்து நின்ற மாதிரி ஆகிவிட்டது. சென்னை என்றால் எல்லாரும் தி. நகர்தான். மாம்பலம் ரயில் நிலையத்தை விட்டு இறங்கினால் ரங்கநாதன் தெரு, நடக்க வேண்டாம், கூட்டமே கொண்டுபோய்விடும். 2023-ல் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதை கட்டிவிட்டார்கள், அம்மா மாதிரி முட்டிவலிக்காரர்களுக்கு அது பெரிய உதவி. போகிறவர்கள் ஆடி மாதத்தில் போங்கள். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், வியாபாரம் படுத்துவிடும், தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழையதைக் காலி செய்ய வேண்டும், அதனால்தான் தள்ளுபடி. நெசவுத் துணி வேண்டுமென்றால் கோ-ஆப்டெக்ஸ். 1935-லிருந்து இருக்கிற நெசவாளர் கூட்டுறவு, பண்டிகைக் காலத்தில் 30% தள்ளுபடி கொடுப்பார்கள், அங்கே எடுத்த பருத்திச் சேலைகள் எனக்குத் துவைக்கத் துவைக்க மிருதுவாகிக்கொண்டே போகின்றன. கடையில் பளபளப்பு குறைவாக இருக்கிறது என்று சிலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது பெரிய தவறு.

ஆனால் என் மனதுக்குப் பிடித்தது திருப்பூர். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் காதர்பேட்டை. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவர்கள் கேட்டதை விடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வெட்டித் தைப்பார்கள், சிலது தேறாமல் போகும், சில நேரம் ஆர்டரே ரத்தாகும். அந்த மிச்சமெல்லாம் இங்கே வந்து சேரும். கழுத்தில் லேபிளைப் பாதி வெட்டியிருப்பார்கள், கவலைப்படாதீர்கள். கடைக்குள் போய் "என்ன துணி, எத்தனை ஜிஎஸ்எம்?" என்று கேட்டேன், அதுவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்து அடி அலமாரியைத் திறந்தார். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. டி-ஷர்ட்டுக்கு 180 என்றால் நல்ல கனம், 140-க்குக் கீழே போனால் ஆறு மாதத்தில் உடம்பு தெரியும். ஏன் இதைத் தள்ளினார்கள் என்றும் அவரிடமே கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: இதில் நிறம் அரை மாற்று குறைவு, இதில் அச்சு ஒரு விரற்கடை சாய்ந்திருக்கிறது, இதில் ஒன்றுமே இல்லை, வாங்கியவர் வேண்டாம் என்றுவிட்டார். ஒரு டி-ஷர்ட் 120 ரூபாய் என்று பத்து எடுத்தேன், அம்மாவுக்கு இரண்டு நைட்டி.

வீட்டுக்கு வந்து நைட்டியைக் கையில் கொடுத்தேன். அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கல். திருப்பினார், தையலை விரலாலேயே தடவிக்கொண்டு போனார், தோளிலிருந்து கை வரை. அக்குள் பக்கம் வந்ததும் விரல் நின்றது. "இங்க ஒரு தையல் விட்டிருக்கான், பாரு" என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்த எனக்குக் கடையில் அது தெரியவில்லை. ஊசி நூல் எடுத்து அப்போதே போட்டுக் கொடுத்தேன், இரண்டு வருடமாக உடுத்துகிறார்.

இணையத்தில் வாங்குவதில்லையா என்று கேட்பீர்கள். வாங்குகிறேன், பிள்ளைகளின் காலுறை, தலைமுடிப் பட்டை மாதிரி. வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10% வரி வேறு இருக்கிறது, அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். துணியைத் திரையில் திருப்பிப் பார்க்க முடியாது, எனக்கு அது ஒத்துவரவில்லை. பினாங்கு மாநிலத்தில் பத்து காவான் என்ற ஊரில் 2016-லிருந்து இருக்கிற டிசைன் வில்லேஜ் அவுட்லெட்டுக்குச் சப்பாத்து வாங்க மட்டும் போவேன்.

அந்தத் தங்கச்சி வரும் ஞாயிறு லோரோங் கூலிட்டுக்கு என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். காலை ஏழு மணிக்கு ஃபெரி முனையத்தில் நிற்கச் சொன்னேன். பெரிய பையாக ஒன்று, 1 வெள்ளி 5 வெள்ளி நோட்டாக மாற்றி ஒரு 50 வெள்ளி, மேலே போட்டு அளவு பார்க்கத் தோதாக உள்ளே ஒரு மெல்லிய பனியன். ஊசியும் நூலும் நான் எடுத்து வருகிறேன். வேறு யாராவது வருவதாக இருந்தால் சனிக்கிழமை இரவுக்குள் சொல்லுங்கள், காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.